மாமல்லபுரம் படத்தில் குறுக்கே நிற்கும் ஆட்களை நீக்குவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கடற்கரைக் கோயிலின் மதில்மேல் வரிசையாக நந்திகள் படுத்திருக்கும். என் படத்தில் இரண்டாவது நந்திக்கும் மூன்றாவது நந்திக்கும் நடுவில் சிவப்பு டீ-ஷர்ட் போட்ட ஒருவர் சாய்ந்து நின்றிருந்தார். ஃபோனில் அவரைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டேன், ஆள் மறைந்துவிட்டார். அந்தப் படத்தை அம்மா வீட்டு ஹாலில் மாட்டுவதற்காக 24-க்கு 36 அங்குலத்தில் கேன்வாஸ் பிரிண்ட் போட்டேன். செலவு 2,600 ரூபாய். பிரித்துப் பார்த்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "இந்த மாட்டுக்கு என்னடா ஆச்சு?"

மூன்றாவது நந்திக்கு முகமே இல்லை. அதன் கழுத்து மெழுகு உருகியதுபோல் ஓடி பக்கத்து நந்தியின் திமிலோடு ஒட்டியிருந்தது. ஆறு அங்குலத் திரையில் அது என் கண்ணில் படவே இல்லை.

அதற்கப்புறம் ஆறு மாதத்தில் நான்கு முறை அங்கே போய் வந்து, எது சரிப்படும், எது சரிப்படாது என்று பார்த்தேன். நீங்கள் அந்த 2,600 ரூபாயையும் நான்கு பயணத்தையும் மிச்சப்படுத்த வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மாமல்லபுரத்தை வைத்துச் சொல்கிறேன். கூட்டம் வரும் எந்த இடத்துக்கும் இதே முறைதான்.

1. முதலில் ஆளைப் பாருங்கள், அவருக்குப் பின்னால் இருப்பதையும் பாருங்கள்

ஒருவரை அழித்தால் அந்த இடத்தில் வேறு ஏதாவது வந்தாக வேண்டும். அழிக்கும் கருவிக்கு அவருக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரியாது. சுற்றி இருப்பதைப் பார்த்து ஊகித்து நிரப்பும். வெறும் மணல், வானம், புல்தரை என்றால் ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். சிற்பம், தூண், படிக்கட்டு, கம்பிவேலி, எழுத்து என்றால் தப்பாகப் போகத்தான் வாய்ப்பு அதிகம்.

அதனால் கேமராவை எடுக்கும் முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். தூரத்தில் மணலில் சிறிதாகத் தெரிபவர்களை வீட்டுக்குப் போய் ஃபோனிலேயே அழிக்கலாம். கல்வேலைக்கு முன்னால் நடப்பவர்களுக்குப் பல படம் எடுத்துச் சேர்க்கும் முறை. கல்வேலைக்கு முன்னால் நகராமல் இருப்பவர்களுக்குக் கையால் லேயர் மாஸ்க் போட வேண்டும், அதாவது ஒரு படத்தின்மேல் இன்னொன்றை அடுக்கி, வேண்டிய இடத்தை மட்டும் தெரியவிட வேண்டும். மூன்று வகையும் ஒரே படத்தில் இருக்கலாம். என் படங்களில் எப்போதும் இருக்கின்றன.

2. நாளும் நேரமும்

கோயில் வளாகம் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுகிறது. ஜனவரி இறுதியில் இங்கே சூரிய உதயம் 6.35 வாக்கில். அப்போது திறந்தவுடன் உள்ளே போனால் உதயத்துக்கு முன் அரை மணி நேரம் கையில் இருக்கும். ஜூன் தொடக்கத்தில் 5.45-க்கு முன்பே சூரியன் வந்துவிடும். திறக்கும்போது முதல் வெளிச்சம் போய்விட்டிருக்கும். உதயம் வேண்டுமென்றால் நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நவம்பரிலும் டிசம்பர் முதல் பாதியிலும் மழை வந்து கெடுக்கலாம்.

செவ்வாய், புதன், வியாழன் நல்ல நாட்கள். சனி, ஞாயிறு வேண்டாம். காணும் பொங்கலன்று அந்தப் பக்கமே போகாதீர்கள், மணலே தெரியாத அளவுக்குக் கூட்டம் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வரும். நான் போன நாட்களில் அவை ஒன்பது மணிக்கு மேல்தான் வந்தன.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 55 முதல் 60 கிலோமீட்டர். காலை நாலரைக்குக் கிளம்பினால் பதற்றமில்லாமல் போய்ச் சேரலாம்.

3. டிக்கெட், அனுமதி, ட்ரைபாட்

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 40 ரூபாய். ஆன்லைனில் எடுத்தால் 5 ரூபாய் குறைவு. 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. வெளிநாட்டவருக்கு 600 ரூபாய், ஆனால் சார்க் நாடுகளின் குடிமக்களுக்கு இந்தியக் கட்டணம்தான். இலங்கையிலிருந்து வருபவர்கள் பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் அதே டிக்கெட்டில் ஐந்து ரதங்களையும் பார்க்கலாம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கட்டணம் அவ்வப்போது மாறக்கூடியது, கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள்.

கையில் பிடித்துப் படம் எடுக்கத் தடை இல்லை. ட்ரைபாட் வைப்பதற்கு முன் அனுமதி வேண்டும். முதல் தடவை எனக்கு இது தெரியாது. வாசலில் இருந்தவர், "தம்பி, ஸ்டாண்டை வண்டியிலேயே வச்சிட்டு வந்துடுங்க" என்று அமைதியாகச் சொன்னார். விதி அது, அவர் சொன்னது சரிதான். ஆனால் அன்றைக்கு நான் போட்டிருந்த திட்டம் அத்தோடு போயிற்று.

மாமல்லபுரம் இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டத்தில் வருகிறது. அந்த அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. விண்ணப்பக் கடிதத்தில் எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தெந்தச் சின்னம், என்ன கருவிகள், படம் எதற்காக என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். அடையாள அட்டை நகல் இணையுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கைக்கு வந்தபிறகுதான் பயணத்தையும் தங்குமிடத்தையும் முடிவு செய்ய வேண்டும், முன்னால் அல்ல. வணிக நோக்கம் இருந்தால் கடிதத்தில் அதை மறைக்காதீர்கள், அதற்கு நடைமுறையும் கட்டணமும் வேறு. ட்ரோன் அனுமதியில்லாமல் பறக்கவிடவே கூடாது.

சொந்த ஆசைக்கு எடுப்பவர்களுக்கு இவ்வளவு அலைச்சல் தேவையா என்றால், தேவையில்லை என்பதுதான் என் எண்ணம். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வேலிக்கு வெளியே கடற்கரை மணலிலிருந்து எடுப்பது. நான் அங்கேதான் ட்ரைபாட் வைத்தேன், யாரும் எதுவும் சொல்லவில்லை. இன்னொன்று, வளாகத்துக்குள் ட்ரைபாட் இல்லாமல் கையிலேயே பல படம் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவது. இரண்டும் பலன் தரும். கேமராவை மதில்மேலோ சிற்பத்தின்மேலோ மட்டும் வைக்க வேண்டாம். ஏற்கனவே உப்புக்காற்று அரித்த கல் அது.

4. கேமராவைப் பூட்டுங்கள்

பல படங்களை ஒன்றாக்க வேண்டுமென்றால், ஆட்களைத் தவிர வேறு எதுவும் படத்துக்குப் படம் மாறக் கூடாது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, மேனுவலில் வையுங்கள். ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/8 என்று தொடங்கலாம். நிறச்சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸ் 'ஆட்டோ'வில் வேண்டாம், 'டேலைட்'டில் வையுங்கள். கோயில் விமானத்தின் (கருவறைக்கு மேலுள்ள கோபுரத்தின்) கல்லில் ஃபோகஸ் செய்துவிட்டு ஃபோகஸையும் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இதை நான் ஒருமுறை மறந்தேன். நடுவில் ஒருவர் கேமராவுக்கு அருகில் கடந்ததும் ஃபோகஸ் அவர்மேல் போய்விட்டது, அதற்கு அப்புறம் எடுத்த படம் அத்தனையும் வீண். ட்ரைபாட்டில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுக் குறைப்பை அணைத்துவிடுங்கள். ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 விநாடி டைமரில் விடுங்கள். கேமராவில் குறித்த இடைவெளியில் தானே படம் எடுக்கும் இன்டர்வெல் டைமர் இருந்தால் இன்னும் நல்லது.

மணலில் ட்ரைபாட் கால்கள் படத்துக்குப் படம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கால்களை அகலமாக விரித்து, ஒவ்வொன்றையும் அரை சாண் ஆழத்துக்கு அழுத்திப் புதைத்த பிறகு கேமராவை மாட்டுங்கள். அலை தொடும் இடத்தில் வைக்கவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கால்களை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்காவிட்டால் உப்பு பூட்டுகளைப் பிடித்துவிடும். என்னுடையது பழைய ட்ரைபாட், 1,800 ரூபாய்க்கு வாங்கியது. இந்த வேலைக்கு அது போதும்.

5. பதினெட்டுப் படம், ஐந்து நிமிடம்

கொள்கை எளிது. பள்ளிக்கூடக் கணக்கில் இடைநிலை அளவு என்று படித்திருப்போம்: எண்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுப்பது. பதினெட்டுப் படத்திலும் ஒரே புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். பதிமூன்றில் அந்த இடத்தில் கல், ஐந்தில் யாரோ ஒருவரின் சட்டை. வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது கல்தான். சட்டை ஓரத்துக்குத் தள்ளப்பட்டு மறைந்துவிடும். இப்படிப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் மென்பொருள் செய்யும். இங்கே ஊகம் எதுவும் இல்லை. வருவது அங்கே நிஜமாக இருந்த கல், கேமரா பார்த்த கல்.

இதற்கு ஒரே நிபந்தனை: எந்த இடமும் பாதிக்கு மேற்பட்ட படங்களில் ஆளில்லாமல் இருக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் தவறுவது இதில்தான். பத்து விநாடியில் இருபது படம் தட்டிவிட்டு வந்துவிடுவார்கள். செல்ஃபி எடுப்பவர் அந்தப் பத்து விநாடியும் அதே இடத்தில்தான் நிற்பார், இருபது படத்திலும் இருப்பார். படங்களின் எண்ணிக்கையைவிட அவற்றுக்கு நடுவில் விடும் இடைவெளி முக்கியம். 15 முதல் 20 விநாடிக்கு ஒரு படம் என்று விடுங்கள். பதினெட்டுப் படத்துக்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆகும். அதற்கு மேல் இழுக்காதீர்கள். உதய நேரத்தில் வெளிச்சம் வேகமாக மாறும், சூரியன் இரண்டு நிமிடத்தில் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடும்.

எடுத்துக்கொண்டிருக்கும்போதே கேமராத் திரையில் பார்த்து எந்த மூலை இன்னும் காலியாகவில்லை என்று கவனியுங்கள். அந்த மூலை காலியாகும் நொடியில் தனியாக ஒரு படம் எடுங்கள். பின்னால் உங்களைக் காப்பாற்றப் போவது அந்த ஒரு படம்தான்.

ட்ரைபாட் இல்லாமல் எடுப்பவர்கள் கால் வைத்த இடத்தைவிட்டு நகராமல், முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்து எடுங்கள். பொருத்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் வேண்டியதைவிடக் கொஞ்சம் அகலமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

6. நகராதவர்களிடம் பேசுங்கள்

ஒரு குடும்பம் விமானத்துக்கு நேர் முன்னால் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டது. நான் பதினைந்து நிமிடம் நின்று பார்த்தேன், அவர்கள் எழுந்திருக்கப் போவதாகத் தெரியவில்லை. கடைசியில் கிட்டே போய், "ஐயா, உங்க ஃபோன்ல எல்லாரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துத் தரட்டுமா? அந்தப் பக்கம் நின்னா கோபுரம் முழுசா வரும்" என்றேன். பெரியவர் சந்தோஷமாக எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களுக்கு நாலு நல்ல படம் கிடைத்தது, எனக்கு இரண்டு நிமிடம் காலியான இடம் கிடைத்தது.

விரட்டாதீர்கள். அந்த இடத்தில் நமக்கு இருக்கும் அளவு உரிமை அவர்களுக்கும் இருக்கிறது. வலை பின்னிக்கொண்டிருக்கும் மீனவரையும் சங்குமாலை விற்கும் அக்காவையும் நீக்கத்தான் வேண்டுமா என்றும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அவர்கள் இருக்கும் படத்தில்தான் அந்தக் கோயில் எவ்வளவு உயரம் என்பது தெரிகிறது.

7. கணினியில் சேர்ப்பது

ஃபோட்டோஷாப் இருப்பவர்களுக்கு வழி நேரானது. ஃபைல் மெனுவில் ஸ்கிரிப்ட்ஸ், அதற்குள் ஸ்டாடிஸ்டிக்ஸ். 'மீடியன்' (மேலே சொன்ன இடைநிலை அளவு) என்பதைத் தேர்ந்தெடுத்து, படங்களைச் சேர்த்து, தானாகப் பொருத்தச் சொல்லும் பெட்டியில் டிக் போட்டு ஓகே கொடுங்கள். 'மீன்' என்று ஒன்றும் அதே பட்டியலில் இருக்கும், அதைத் தொடாதீர்கள். அது சராசரி, ஆட்களை ஆவிகள்போல் மங்கலாக விட்டுவிடும்.

பணம் கட்ட வேண்டாம் என்றால் கிம்ப் இலவசம். அதோடு ஜிமிக் என்ற இலவச இணைப்பையும் நிறுவுங்கள். படங்களை 'ஓபன் ஆஸ் லேயர்ஸ்' மூலம் திறந்து, ஜிமிக்கில் லேயர்ஸ் பகுதியில் இருக்கும் மீடியன் பிளெண்டை எடுங்கள். உள்ளீடாக எல்லா லேயர்களையும் கொடுக்க மறந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். நான் ஒரு மாலை முழுக்க அதில் தவித்தேன். கையில் பிடித்து எடுத்திருந்தால் அதற்கு முன் அதே பகுதியில் உள்ள அலைன் லேயர்ஸை ஓட்டுங்கள்.

கணினியின் நினைவகத்தையும் கணக்குப் பண்ணுங்கள். 24 மெகாபிக்சல் படம் 16 பிட்டில் (நிறங்களை 8 பிட்டைவிட நுணுக்கமாகச் சேமிக்கும் முறை) ஒரு லேயருக்கு 144 எம்.பி. பிடிக்கும். பதினெட்டு லேயர் என்றால் இரண்டரை ஜி.பி.க்கு மேல், வேலை நடக்கும்போது அதைவிட அதிகம். 8 ஜி.பி. ரேம் உள்ள மடிக்கணினி திணறும். 8 பிட்டுக்கு மாற்றினால் பாதியாகக் குறையும். ரா ஃபைல்களாக (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்புகள்) எடுத்திருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே திருத்தத்தைக் கொடுத்து மாற்றுங்கள். ஒன்றுக்கு மட்டும் வெளிச்சம் கூட்டினால்கூட முடிவில் திட்டுத் திட்டாக வரும்.

வந்த படத்தில் ஆட்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் கடல் பால் ஊற்றியதுபோல் வழவழவென்று இருக்கும், மேகம் கலைந்திருக்கும், உதயச் சூரியன் இழுபட்டிருக்கும். பயப்பட வேண்டாம். பதினெட்டில் அலையும் வானமும் நன்றாக இருக்கும் ஒரு படத்தை எடுத்து மேல் லேயராக வையுங்கள். அதற்கு முழுவதையும் மறைக்கும் கறுப்பு மாஸ்க் போட்டு, கடலையும் வானத்தையும் மட்டும் வெள்ளைத் தூரிகையால் திறந்துவிடுங்கள். கல் எல்லாம் கீழே இருக்கும் மீடியன் படத்திலிருந்து வரட்டும். அசையாமல் இருந்த ஒருவர் இன்னும் மிச்சமிருந்தால், அந்த மூலை காலியாக இருந்தபோது தனியாக எடுத்த படத்தையும் இதேபோல் வைத்து அந்த இடத்தை மட்டும் திறங்கள். முதல் தடவை எனக்கு மூன்று மணி நேரம் ஆனது, இப்போது நாற்பது நிமிடத்தில் முடிகிறது.

8. என்.டி. ஃபில்டர் வாங்கலாமா?

லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும், கறுப்புக் கண்ணாடி போன்ற இந்த ஃபில்டரைப் போட்டு ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்தால் நடப்பவர்கள் பதியவே மாட்டார்கள். 10 ஸ்டாப் ஃபில்டர் (வெளிச்சத்தைப் பத்து முறை பாதி பாதியாகக் குறைப்பது) 1/125 விநாடியை 8 விநாடியாக்கும். ஆனால் 8 விநாடி போதாது, இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். பகல் வெளிச்சத்தில் அவ்வளவு நேரத்துக்கு இன்னொரு ஃபில்டரும் சேர்த்துப் போட வேண்டிவரும். நடுவில் அரை நிமிடம் நின்றவர் அரை உருவமாகத் தெரிவார். ட்ரைபாட் இல்லாமல் நடக்காது. கடலைப் பனிபோல் காட்டப் பிடிக்கும் என்றால் வாங்குங்கள், ஆளை நீக்க மட்டும் என்றால் வேண்டாம். நான் 2,400 ரூபாய்க்கு வாங்கியதை இப்போது பெரும்பாலும் எடுத்துப்போவதே இல்லை.

9. ஃபோனில் அழிக்கும்போது

கூகுள் ஃபோட்டோஸின் மேஜிக் இரேசர் 2024 முதல் அதன் பயனர்கள் எல்லோருக்கும் இலவசம், ஃபோன் மட்டும் ரொம்பப் பழையதாக இருக்கக் கூடாது. சாம்சங் ஃபோன்களில் ஆப்ஜெக்ட் இரேசர் இருக்கிறது. ஐஃபோனில் கிளீன் அப் ஐ.ஓ.எஸ். 18.1-இல் வந்தது, 15 ப்ரோவிலிருந்து மேலே உள்ள மாடல்களில் வேலை செய்யும். வேறு எதுவும் இல்லையென்றால் ஸ்னாப்சீடின் ஹீலிங் இருக்கிறது, அதுவும் இலவசம்.

எதில் செய்தாலும் பிரதியில்தான் செய்ய வேண்டும், மூலப்படத்தில் வேண்டாம். கூட்டத்தை ஒரே வட்டத்தில் அடக்காமல் ஒவ்வொருவராக அழியுங்கள். ஆளோடு சேர்த்து அவர் நிழலையும் வட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். காலை ஏழு மணி வெயிலில் நிழல் ஆளைவிட நீளமாக விழும். ஈரமணலில் பிரதிபலிப்பும் தெரியும். தலைகீழான வேட்டி மட்டும் ஈரமணலில் மிச்சமிருக்கும் படம் ஒன்று என்னிடம் இன்னமும் இருக்கிறது.

அழித்தபின் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, இடமிருந்து வலமாக ஒவ்வொரு பகுதியாக நகர்த்திப் பாருங்கள். எண்ணக்கூடியவற்றை எண்ணுங்கள்: நந்திகள், தூண்கள், படிகள். மூலப்படத்தில் எத்தனையோ அத்தனை இருக்க வேண்டும். பெரிய பிரிண்ட் போடும் முன், சந்தேகமான பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, பெரிய பிரிண்டில் வரப்போகும் அதே அளவில் ஒரு சாதாரண 6-க்கு 8 தாளில் போட்டுப் பாருங்கள். சில பத்து ரூபாய்தான் ஆகும்.

10. போட்டிக்கு, விற்பனைக்கு அனுப்பும் முன்

போட்டி விதிகளை வரி வரியாகப் படியுங்கள். வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போன்ற செய்திப்பட போட்டிகளில் எதையும் சேர்ப்பதும் நீக்குவதும் கூடாது. இயற்கைப் படங்களுக்கான பல போட்டிகளிலும் அப்படியே. இறுதிச் சுற்றில் மூல ரா ஃபைலைக் கேட்பார்கள். ஒரு போட்டியில் என் படம் அந்தக் கட்டத்தில் வெளியேறியது. நுழைவுக் கட்டணம் 500 ரூபாயும் திரும்பி வரவில்லை. பல படங்களைச் சேர்ப்பதை அனுமதிக்கும் பிரிவு இருந்தால் அதில் அனுப்பி, என்ன செய்தீர்கள் என்பதை விளக்கத்தில் எழுதிவிடுங்கள். செய்திக்கோ ஆவணத்துக்கோ தரும் படத்தில் யாரையும் நீக்கக் கூடாது. அன்று அங்கே கூட்டம் இருந்தது என்பதுகூட ஒரு தகவல்தான்.

விளம்பரத்துக்கு விற்கும் படத்தில் அடையாளம் தெரியும் முகம் இருந்தால், படங்களை உரிமத்துக்கு விற்கும் ஸ்டாக் நிறுவனங்கள் அவருடைய கையெழுத்திட்ட ஒப்புதலைக் கேட்கும். அதனால் ஓரத்தில் இருக்கும் சிறு முகங்களையும் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு பயணத்துக்கும் தேதி போட்டு ஒரு ஃபோல்டர் வையுங்கள். அதற்குள் ரா ஃபைல் அத்தனையும், லேயர் கலைக்காத கோப்பு, முடிந்த படம், அனுமதிக் கடிதமும் டிக்கெட்டும் ஸ்கேன் செய்த நகல். பதினெட்டு ரா ஃபைல் அரை ஜி.பி. அளவுக்குத்தான் வரும். படம் நன்றாக வந்துவிட்டது என்று ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடாதீர்கள். மூன்றாவது நந்தியின் முகம் அந்தப் பதினெட்டில் எந்தப் படத்தில் இருக்கிறது என்று பின்னால் ஒருநாள் தேட வேண்டியிருக்கும்.